கை பழகிய குறை

பழைய காரின் ஸ்டீயரிங்குக்கு ஒரு குணம் உண்டு. அது கெட்டுப்போனால், தினமும் அதைப் பிடிக்கிறவருக்குத்தான் கடைசியாகத் தெரியவரும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தெரியும். பின்னால் வருகிற பஸ் டிரைவருக்குத் தெரியும். என்றைக்கோ ஒருநாள் வண்டியை இரவல் வாங்கிப் போகிற மச்சானுக்கு முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும். சொந்தக்காரர் மட்டும் 'வண்டி பட்டு மாதிரி போகுது' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கைக்கு அது பட்டுதான்.

இது மெக்கானிக் ஷெட் சமாசாரம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? எனக்கு இதில் ஒரு பெரிய கேள்வி தெரிகிறது. தன் கைக்குத் தெரியாத குறைக்கு ஒருவர் பொறுப்பாவாரா, மாட்டாரா? தெரிந்தே தப்பு செய்தவனைத் திட்டுவது சுலபம். தெரியாமலே, ரொம்ப நல்லெண்ணத்தோடு, நாலு பேருக்கு ஆபத்தாக வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரை என்ன செய்வது? அந்த ஆள் நாமாகவே இருந்தால்?

முதலில் வண்டியைப் பார்த்துவிடுவோம்.

ஸ்டீயரிங் வீலுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கூட்டுக்குடும்பமே குடியிருக்கிறது. நீளமான ஒரு தண்டு, அதன் முனையில் பல்சக்கரம், அதோடு கோத்த பல் வைத்த கம்பி, இரண்டு பக்கமும் டை ராடுகள், அவற்றின் முனையில் கிண்ணத்துக்குள் உருளுகிற குண்டு மூட்டுகள், புஷ்கள், வீல் பேரிங். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தேயும். தனித்தனியாகப் பார்த்தால் முடியளவுதான். ஆனால் எல்லாத் தேய்மானமும் ஒன்று சேர்ந்து கடைசியில் வந்து நிற்கிற இடம் உங்கள் கை. வீலைத் திருப்புகிறீர்கள், சக்கரம் உடனே கேட்பதில்லை. அந்த வெற்றுத் திருப்பத்துக்குத்தான் மெக்கானிக்குகள் 'பிளே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த பிளே ஒரே ராத்திரியில் வந்தால் என்ன செய்வீர்கள்? காலையில் வண்டியை எடுத்த நூறாவது அடியிலேயே பயந்துபோய் ஓரங்கட்டிவிடுவீர்கள். அதே பிளே பத்து வருஷத்தில் வந்தால்? அரை இன்ச் கூடத் திருப்பினால்தான் சக்கரம் கேட்கிறதா, சரி, கை அரை இன்ச் கூடத் திருப்பக் கற்றுக்கொள்கிறது. அடுத்த வருஷம் முக்கால் இன்ச். வண்டி இடதுபக்கம் இழுக்கிறதா, கை வலதுபக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இதையெல்லாம் கை தானாகவே செய்துவிடும். மூளையிடம் ஒரு வார்த்தை சொல்லாது. எஜமான் தூக்கம் கெடக்கூடாதென்று ஒழுகுகிற கூரைக்கடியில் ராத்திரி பூராவும் பாத்திரம் மாற்றி மாற்றி வைக்கிற வேலைக்காரன் மாதிரி, அவ்வளவு விசுவாசம்.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த விஷயங்களில் ஒன்று, எந்த இயந்திரமும் வாங்கின விலையிலேயே இருக்காது என்பது. ஒவ்வொரு மார்ச் 31-ம் தேதியும் தேய்மானம் என்று ஒரு தொகையை எழுதியே ஆகவேண்டும். லாபம் வந்தாலும் எழுதவேண்டும், நஷ்டம் வந்தாலும் எழுதவேண்டும். அன்றைக்கு இது சும்மா ஒரு கணக்குப் பாடம். இன்றைக்கு யோசித்தால் அதற்குள் ஒரு சாமர்த்தியம் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற ஒன்றை, தெரிகிற வரை காத்திருக்காமல், காலண்டரை வைத்துப் பதிவு செய்துவிடுவது. கண்ணை நம்பாதே, தேதியை நம்பு என்கிற ஏற்பாடு. நம் மற்ற விஷயங்களுக்கு இப்படி ஒரு மார்ச் 31 கிடையாது.

உடன்குடி தெரியும்தானே? கருப்பட்டி ஊர். 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் செக்கச்செவேல் என்று தேரி மணல். அங்கே என் மனைவி வழியில் ஒரு பெரியவர், எனக்கு மாமா முறை. கருப்பட்டி மண்டி வைத்திருந்து, இப்போது ஓய்வாக இருக்கிறார். அவரிடம் 1973 மாடல் அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. அவருடைய அப்பா வாங்கியது. வாங்கும்போது உடன்குடி திருநெல்வேலி மாவட்டம். 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது. 2014-ல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாஸடர் உற்பத்தியே நின்றது. இந்த வண்டி மட்டும் நிற்கவில்லை. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்ததே, அந்தக் கணக்குக்கும் வந்துவிட்டது. "அந்தப் பதிவெல்லாம் வேண்டாம் மாப்ளே. அப்புறம் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் எடுக்கலாம்னுருவான். நமக்கு ஓடணும்லா" என்பார் மாமா.

ஓடத்தான் செய்தது. கல்யாணம், காதுகுத்து, குலசை தசரா. தசரா சமயத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். முத்தாரம்மன் கோயிலுக்கு லட்சக்கணக்கில் ஜனம். காளி, குறவன், ராஜா, குரங்கு என்று வேஷம் போட்டவர்கள் ரோடு நிறைய நடந்து வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், பேரன் பேத்திகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு, மாமா தன் கையாலேயே ஓட்டுவார்.

ஒரு தசராவுக்கு வந்த அவருடைய மகன், அப்பாவை உட்காரச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். பஜார் தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டான். முகம் வெளிறியிருந்தது. "என்னப்பா இது, திருப்பினா கேக்கவே மாட்டேங்கு!" மாமாவுக்குக் கோபம். "ஒனக்கு ஆட்டோமேட்டிக் கார் ஓட்டிப் பழகிட்டு. இது அப்படித்தாம்ல போவும்."

'இது அப்படித்தான்.' இந்த இரண்டு வார்த்தையைக் கொஞ்சம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஒரு வாரத்தில் மூன்று வைத்தியம் சொல்லப்பட்டது. டயர் கடைக்காரர், டயரைப் பார்த்துவிட்டு அலைன்மென்ட் போச்சு என்றார். உதிரிபாகக் கடைக்காரர், ரேக்கையே முழுசாக மாற்றிவிடலாம், பழைய ஸ்டாக் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார். தெரிந்த ஒருவர், ஸ்டீயரிங்கையே கழற்றிவிட்டு வேறு மாடல் காருடையதைப் பொருத்தலாம் என்றார். யாரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. அவரவர் கடையில் என்ன இருக்கிறதோ, அந்தப் பக்கமாகவே அவரவர் கண் போகிறது. குறையைக் கேட்டவுடனே மருந்து சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. நோய் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை அவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கடைசியில் ஒரு வயசான மெக்கானிக் வந்தார். ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் நாலு டயரிலும் காற்று பார்த்தார். காசு செலவில்லாததை முதலில் பார்க்கவேண்டும் என்பது அவர் சாஸ்திரம். டயரில் காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அந்தப் பக்கம் இழுக்கும். அது சரியாக இருந்தது. பிறகு மாமாவை சீட்டில் உட்காரச் சொன்னார்.

"அண்ணாச்சி, வண்டி தரையிலேயே நிக்கட்டும். நீங்க ஸ்டீயரிங்க இப்படியும் அப்படியும் லேசா ஆட்டிக்கிட்டே இருங்க. நான் கீழ போறேன்."

ஒரு கோணிச் சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொண்டார். ஒவ்வொரு மூட்டின்மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனார். நல்ல மூட்டு என்றால் இரண்டு பக்கத்துக் கம்பியும் ஒன்றாக அசையும். தேய்ந்த மூட்டில் ஒரு கம்பி அசைந்த பிறகுதான் மற்றது அசையும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்கு அந்த 'டக்' தெரியும். அப்புறம் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். மேல்கீழ் ஆட்டம் வந்தபோது மாமாவை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் அதற்கும் உள்ளே இருக்கிற மூட்டில். ஆட்டம் நின்றது.

அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. இடதுபக்க டை ராடு முனையில் இருக்கிற குண்டு மூட்டு. அதன் ரப்பர் மூடி என்றைக்கோ கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியே தேரி மணல் உள்ளே போய், கிரீஸோடு சேர்ந்து, உப்புத்தாள் மாதிரி வருஷக்கணக்காக உரசியிருக்கிறது. கூடவே வீல் பேரிங்கும் கொஞ்சம் லூஸ். ரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. ஸ்டீயரிங் வீல், எல்லாரும் குற்றம் சொன்ன அந்த வீல், பத்தரை மாற்றுத் தங்கம்.

"இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா குண்டு கிண்ணத்தவிட்டு வெளிய வந்திருக்கும் அண்ணாச்சி. சக்கரம் ஒண்ணு கிழக்க போவும், ஒண்ணு மேக்க போவும்" என்றார் மெக்கானிக். தசராக் கூட்டத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

இந்தப் பரிசோதனையில் என்னை ஆச்சரியப்படுத்தியது ஒன்றுதான். அதைத் தனி ஆளாகச் செய்யவே முடியாது. வீலைப் பிடிக்க ஒருவர் வேண்டும், மூட்டைத் தொட இன்னொருவர் வேண்டும். பிரேக்கை மிதிக்கிறவர் சக்கரத்தை ஆட்ட முடியாது. உலகத்திலேயே கெட்டிக்கார மெக்கானிக்கும் தன் சொந்த வண்டிக்கு இன்னொரு ஆளைக் கூப்பிட்டே ஆகவேண்டும். இது திறமைக் குறைவு இல்லை. மனுஷனுக்குக் கை இரண்டுதான், உட்கார்ந்திருக்கிற இடம் ஒன்றுதான், அவ்வளவே.

கம்பெனிச் சட்டம் இதைத் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறது. ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர் அதே கம்பெனிக்கு ஆடிட்டராக இருக்க முடியாது. கணக்கு எழுதினவர் யோக்கியரா இல்லையா என்பது வேறு விஷயம். யோக்கியராகவே இருந்தாலும் கூடாது. 2013-ம் வருஷத்துச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிகளும் வேறு சில பெரிய கம்பெனிகளும், தனிநபர் ஆடிட்டர் என்றால் ஐந்து வருஷத்தில், ஆடிட்டர் நிறுவனம் என்றால் பத்து வருஷத்தில் மாற்றியாக வேண்டும். ஏன்? ஒரே கணக்கைப் பத்து வருஷம் பார்த்தால் வெளியாள் கண்ணும் பழகிவிடும். அதன் பிறகு அவரும் 'இந்தக் கம்பெனி அப்படித்தான்' என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

திருவள்ளுவர் அதிகாரங்களை அடுக்கியிருக்கிற வரிசையைப் பாருங்கள். 44-வது அதிகாரம் குற்றங்கடிதல். தன் குற்றத்தைக் களைவது பற்றி. அடுத்ததே, 45-வது, பெரியாரைத் துணைக்கோடல். இடித்துச் சொல்லும் ஆட்கள் பக்கத்தில் இல்லாத ராஜாவைக் கெடுக்க எதிரியே தேவையில்லை என்று எச்சரிப்பது இந்த அதிகாரத்தில்தான். குற்றத்தைக் களையச் சொன்ன கையோடு, துணைக்கு ஆள் தேடு என்கிறார். தனியாக முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, நம் முதல் கேள்விக்கு வருவோம். கை உணராத குறைக்கு மாமா பொறுப்பா?

அரிஸ்டாட்டில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்கு இரட்டை தண்டனை என்று ஒரு சட்டம் இருந்ததை எடுத்துக்காட்டுகிறார். போதையில் அவனுக்கு என்ன செய்கிறோம் என்று தெரியாதுதான். ஆனால் அந்தத் தெரியாத நிலைக்குப் போனது யார்? அவனேதானே. தெரியாமை என்பது எப்போதும் மன்னிப்பு இல்லை; எப்படித் தெரியாமல் போனது என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது என்பது அவர் வாதம்.

மாமா குடிக்கிறவர் இல்லை. மூட்டு தேய்ந்ததற்கும் அவர் காரணமில்லை. மணலும் காலமும் செய்த வேலை. கை பழகியதும் அவர் குற்றமில்லை. எல்லார் கையும் பழகும். ஆனால் இந்தக் கதையில் நான் இன்னும் சொல்லாத ஒரு ஆள் இருக்கிறார்.

சில வருஷங்களுக்கு முன்னால் மாமாவிடம் ஒரு டிரைவர் இருந்தார். சின்னப் பையன், பக்கத்துக் கிராமம். சேர்ந்த இரண்டாவது மாசமே, "அண்ணாச்சி, ஸ்டீயரிங் ஆடுதுல்லா, ஒருக்கா பாத்திருவோமா?" என்று கேட்டிருக்கிறார். "முப்பது வருசமா நான் ஓட்டுதேன், எனக்கு ஆடாதது ஒனக்கு ஆடுதோ? ஓட்டத் தெரியலன்னு சொல்லு" என்று சொல்லி, அந்த மாசச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார் மாமா. கூடவே ஊரில் நாலு பேரிடம், 'அந்தப் பயலுக்கு வண்டி ஓட்ட வராது' என்றும் சொல்லிவைத்தார்.

பொறுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உணராதது பிழையில்லை. உணர்ந்த ஒருவன் வந்து சொன்னபோது, அவனுடைய புதுக் கையைவிட என் பழகிய கைதான் நல்ல சாட்சி என்று முடிவு செய்தது பிழை. ஸ்டீயரிங் விஷயத்தில் அனுபவம் பொய்சாட்சி சொல்லும். முப்பது வருஷம் ஓட்டியவருக்குத் தெரியாதது, இரண்டு மாசம் ஓட்டியவனுக்குத் தெரிந்தது. அவன் கெட்டிக்காரன் என்பதால் அல்ல, அவன் கை இன்னும் பழகாததால்.

நம் வீடுகளிலும் இந்த டிரைவர் உண்டு. புதுசாக வந்த மருமகள் ஒருநாள், "ஏன் இந்த வீட்ல அத்தை மட்டும் கடைசியில தனியாச் சாப்பிடறாங்க?" என்று கேட்பாள். ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த பையன், "இந்த பில்லுக்கு ஏன் சார் வவுச்சர் இல்ல?" என்பான். 'இங்கே அப்படித்தான்' என்று நாம் சொல்வோம். கேட்டவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்றும் முடிவு கட்டுவோம். ஆறு மாசத்தில் அவர்கள் கையும் பழகிவிடும். அதன் பிறகு கேள்வியும் வராது.

இதைச் சொன்னால் சிலர் எதிர்ப்பக்கம் ஓடிவிடுவார்கள். குறையே இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் முறுக்கு என்று. அதற்கும் பழைய கார்களில் பாடம் இருக்கிறது. பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளில் ஸ்டீயரிங் பாக்ஸ் வேறு விதம். உள்ளே திருகு மாதிரி ஒரு உருளை, அதோடு கோத்து ஒரு சின்னச் சக்கரம். வண்டி பெரும்பாலும் நேராகத்தான் போகிறது. அதனால் நடுப்பகுதி மட்டும் அதிகமாகத் தேயும். ஓரங்கள் புதுசாகவே இருக்கும். அவசரக்கார மெக்கானிக், நடுவில் இருக்கிற ஆட்டத்தை ஒழிக்க அட்ஜஸ்ட்மென்ட் திருகை முறுக்குவார். நேர் ரோட்டில் பிரமாதமாக இருக்கும். வளைவில் திருப்பும்போது தேயாத பகுதி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். திருப்பிய ஸ்டீயரிங் திரும்பி வராது. ஆட்டத்தைவிட அது பெரிய ஆபத்து.

அதிகம் சுமந்த இடம்தான் அதிகம் தேய்கிறது. அதைக் காரணம் காட்டி மொத்தத்தையும் முறுக்குவது வைத்தியமாகாது. குடும்பத்தில் ஒரு பிள்ளை தப்பு செய்துவிட்டான் என்று எல்லாப் பிள்ளைகளையும் கட்டிப்போடுகிற அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் மோட்டார் வாகன விதிகள் இந்த விஷயத்தில் ஆச்சரியமான நிதானம் காட்டுகின்றன. 1989-ம் வருஷத்து மத்திய விதிகளில் 98-வது விதி, ஸ்டீயரிங் வீலில் வெற்றாட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்கிறது. 30 டிகிரி என்றால் கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகிற தூரம். பூஜ்யம் என்று அது கேட்கவில்லை. ஆட்டம் கொஞ்சம் இருக்கும், இருக்கட்டும். ஆனால் எவ்வளவு என்று அளந்து பார் என்கிறது. அதே விதி, மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. மாமா வண்டியில் கிழிந்திருந்ததே, அதே மூடி.

பரிபூரணமாக இரு என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. அளந்து பார்க்கச் சம்மதி என்று மட்டும்தான் கேட்கிறார்கள். முதலாவது யாராலும் முடியாது. இரண்டாவது எல்லாராலும் முடியும். ஆனாலும் இரண்டாவதற்குத்தான் நமக்குக் கோபம் வருகிறது.

மூட்டு மாற்றி, பேரிங் சரிசெய்து, வண்டி தயாரான அன்று மாமா சும்மா ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார். "இப்பத்தான் மாப்ளே ஒரு மாதிரி இருக்கு. லேசாத் திருப்பினாலே ஓடிருது" என்றார். சரியான ஸ்டீயரிங் அவர் கைக்குக் கோளாறாகத் தெரிந்தது. பழக நாலு நாள் ஆகியிருக்கிறது.

அந்த டிரைவர் இப்போது திருச்செந்தூர் பக்கம் ஒரு லோடு வண்டி ஓட்டுகிறாராம். மாமா நம்பர் தேடிப் பிடித்துப் பேசினார். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் அவர் தலைமுறையில் வாயில் வராது. "தம்பி, நீ சொன்னது சரிதாம்ல. ஒருக்கா வந்து ஓட்டிப் பாத்துட்டுப் போ" என்றார். அது போதுமா? அந்தப் பையன் இழந்த வேலைக்கும், ஊரில் வாங்கிய பெயருக்கும் அது ஈடாகுமா? ஈடாகாது. நாலு பேரிடம் சொன்னதை அதே நாலு பேரிடம் போய் மாற்றிச் சொன்னால்தான் கணக்கு நேராகும் என்பது என் கட்சி. பற்று எழுதிய பக்கத்தில்தான் வரவும் வைக்கவேண்டும்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. வருஷத்துக்கு ஒருமுறை, வண்டியை அதை ஓட்டிப் பழகாத ஒருவரிடம் கொடுங்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அவர் முகத்தை மட்டும் பாருங்கள். எந்த மீட்டரும் காட்டாததை அது காட்டும்.

கார் இல்லாதவர்களும் கைவசம் வேறு ஏதாவது ஸ்டீயரிங் வைத்திருப்பீர்கள். கடை, கிளாஸ் ரூம், குடும்பம், நாலு பேர் வேலை பார்க்கிற ஒரு செக்ஷன். அதைக் கடைசியாக இன்னொரு கை தொட்டுப் பார்த்தது எப்போது? தொட்டுப் பார்த்தவர் சொன்னதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?